வெறுங்குப்பியில் இருந்த உயிர்

நாகலக்ஷ்மி மேடம் தலைமுடியை வெட்டிக்கிட்டு வந்து நின்ன அன்னைக்கு எனக்கு வந்த கோவம் இன்னும் முழுசா ஆறல்ல. ஐம்பத்தெட்டு வயசு. திருவனந்தபுரம் வலியசாலை அக்ரகாரத்துல பொறந்து, அதே தெருவுல நாலு வீடு தள்ளி வாக்கப்பட்டவங்க. இடுப்புக்குக் கீழ தொங்குற முடி அவங்களுக்கு. திங்கட்கிழமை காலையில லேப் வாசல்ல யாரோ கிராப்பு வச்ச பொம்பள நிக்காளேன்னு கிட்டப் போய்ப் பார்த்தா, இவங்க.

"என்ன ரத்னா, ஆள் தெரியலையா?"ன்னு சிரிக்கிறாங்க.

"ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"ன்னு கேட்டேன். பெரிய சயின்டிஸ்டை அப்படிக் கேக்கலாமான்னா கேக்கப்படாதுதான். இருபது வருஷம் ஒரே மெஷினைக் கட்டி அழுதவங்க நாங்க ரெண்டு பேரும், அந்த உரிமையில கேட்டேன்.

ஒரு பொடிக்காக வெட்டினாங்க. ஒரு கரண்டிகூடத் தேறாத கறுத்த பொடி. அதை அங்கேருந்தே சொன்னாத்தான் வெளங்கும்.

எங்க ஆய்வுக்கூடம் கழக்கூட்டத்துல, பைபாஸை ஒட்டின சர்வீஸ் ரோட்டுல இருக்கு. சுத்திலும் சாஃப்ட்வேர் கம்பெனி, ஹாஸ்டல், வாடகை ஃபிளாட். கழுத்துல அட்டையைத் தொங்கவிட்டுக்கிட்டுப் போற ஐ.டி. பிள்ளைங்க எங்க கட்டடத்தைப் பார்த்து ஏதோ தண்ணி ஆபீசுன்னு நினைச்சுக்கிடும். உள்ளே நாங்க தேடுறது, பூமிக்கு வெளியில உயிர் உண்டா, எப்பமாவது இருந்துதா, அதை. வானத்துக்குக் காது குடுத்து, எவனாவது பேசுறானான்னு கேக்கிற கூட்டம் ஒண்ணு உண்டு, அது வேற. நாங்க கல்லைக் கேக்குற கூட்டம்.

நான் ரத்னாபாய், மார்த்தாண்டத்துக்காரி. மெஷின் என் பொறுப்பு. அதுக்கு நீளமா ஒரு பேர் உண்டு, நான் மூக்குன்னுதான் சொல்லுவேன். கல்லைப் பொடிச்சு, கரைசல்ல ஊறவச்சு, அதுல ஒரு சொட்டை உள்ளே விட்டா, அந்தச் சொட்டுல இருக்கிற கரி, அதாவது கார்பன், அணுக்கள் கோத்த சங்கிலிகளை நீளம் பார்த்துப் பிரிச்சு, திரையில ஒவ்வொண்ணையும் ஒரு கூம்பா வரைஞ்சு காட்டும். கூம்பு உயரமா இருந்தா சரக்கு நெறைய இருக்குன்னு அர்த்தம்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. உயிரில்லாத கல்லுக்குள்ள தன்னால சங்கிலி உண்டானா, பத்து கரி, பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணுன்னு எல்லா நீளத்துலயும் உண்டாகும். உயிர் அப்படிச் செய்யாது. உயிர் கொழுப்பு கட்டும்போது ரெண்டு ரெண்டு கரியா எடுத்து வைக்கும். அதனால பத்து இருக்கும், பன்னெண்டு இருக்கும், பதினாலு இருக்கும். நடுவுல உள்ளது இருக்கவே இருக்காது. தூசி படிஞ்ச மாடிப்படியில ரெண்டாம் படி, நாலாம் படி, ஆறாம் படியில மட்டும் கால் தடம் இருந்தா, எவனோ ரெண்டு ரெண்டா ஏறிப் போயிருக்கான்னுதானே சொல்லுவோம். நாகலக்ஷ்மி மேடம் முப்பது வருஷமாத் தேடுறது அந்தக் கால் தடத்தை.

அந்தச் சமயத்துல ஒரு விண்கலம் எங்கேயோ ஒரு சிறுகோள்ல இறங்கி, ஒரு கைப்பிடி மண்ணை மூடி முத்திரை வச்சுக் கொண்டுவந்திருந்தது. அதைக் காவல் காக்குற கமிட்டி, சில நாட்டு லேபுகளுக்கு ஆளுக்கொரு துகள் குடுக்கிறதா அறிவிச்சுது. துகள்னா கடுகைவிடச் சின்னது. அதைக் குடுக்கிறதுக்கு முந்தி ஒரு பரீட்சை: எல்லா லேபுக்கும் ஒரு குப்பியில கறுத்த பொடி அனுப்புவாங்க, என்ன பொடின்னு சொல்ல மாட்டாங்க. இதுல என்ன இருக்குன்னு நீ சொல்லு. சொல்லுற லட்சணத்தைப் பார்த்து, துகள் தரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க.

மேடம் இதுவரைக்கும் கையில எடுத்ததெல்லாம் பூமியில விழுந்து, மழையில நனைஞ்சு, பாக்டீரியா மேய்ஞ்ச விண்கல்லுதான். நம்ம பூமியோட கை படாத ஒரே ஒரு துகளை ரிட்டயர் ஆகுறதுக்குள்ள பார்த்துடணும்னு அவங்களுக்கு. வேற ஒண்ணும் அவங்க கேட்டு நான் பார்த்ததில்ல, பிரமோஷன்கூட. ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம்தான் பாக்கி, அதனால இந்தப் பரீட்சையை விட்டா வேற வழியில்ல.

ஆவணி மாசத் தொடக்கத்துல பொடி வந்தது. ஓட்டின முதல் நாளே பன்னெண்டாம் இடத்துல ஒரு கூம்பு எழுந்து நின்னுது. எட்டுல ஒண்ணு, பத்துல ஒண்ணு, பதினாலுல ஒண்ணு. பதினொண்ணும் பதிமூணும் சமதரை.

செல்வகணேஷ் நாற்காலியை விட்டு எழுந்துட்டான். திருநெல்வேலிக்காரன், பி.எச்.டி. முடிச்சு மேடம்கிட்ட மூணு வருஷமா வேலை பார்க்கிறவன், கெட்டிக்காரன். "மேடம், பாருங்க, ரெண்டு ரெண்டா ஏறுது"ன்னான்.

மேடம் சிரிக்கக்கூட இல்ல. கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கிட்டுப் பார்த்தாங்க. "தேங்காயெண்ணெய்"ன்னாங்க.

"மேடம்…"

"திருவனந்தபுரத்துல ஒக்காந்துண்டு பன்னெண்டைப் பார்த்தா வேறென்னடா நெனைக்கிறது? தேங்காயெண்ணெய்ல பாதி அந்தச் சங்கிலிதானே."

செல்வகணேஷ் விடல்ல. ஹாஸ்டல்லேருந்து தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைக் கொண்டுவந்து ஓட்டினான். அதுல பன்னெண்டு மலை மாதிரி நின்னுது, கூடவே பதினாறும் பதினெட்டும் நல்லாத் தெரிஞ்சுது. எங்க பொடியில அதெல்லாம் இல்ல. எட்டும் பத்தும்தான் கூடுதல். விகிதம் ஒத்துப்போகவே இல்ல. அதைவிடப் பெரிய சாட்சி வெறுங்குப்பி. எந்தச் சாம்பிளையும் ஓட்டுறதுக்கு முந்தி, ஒண்ணுமே போடாத குப்பியை அதே கரைசலோட, அதே கை, அதே வழியில ஓட்டிப் பார்ப்போம். நம்ம வீட்டு அழுக்கு எவ்வளவுன்னு முதல்ல தெரிஞ்சுக்கிட்டாத்தான் அடுத்த வீட்டுக் கதையைப் பேசலாம். காலையில மெஷினை எழுப்பினதும் அதுதான் முதல் வேலை, எந்த லேபுலயும் அப்படித்தான். எங்க வெறுங்குப்பி எல்லாக் காலையிலயும் சுத்தமா இருந்தது.

வெறுங்குப்பி சுத்தம், பொடியில கூம்பு. அப்பம் கூம்பு பொடியோடதுதானே? எனக்கே ஆசை வந்துட்டுது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போய் மீன் கழுவுறப்பமும் பன்னெண்டு பன்னெண்டுன்னுதான் மனசு சொல்லிக்கிட்டிருந்தது.

மேடம் மட்டும் தன்னையே குத்தவாளிக் கூண்டுல ஏத்திட்டாங்க. லேபுல யாரும் தலைக்கு எண்ணெய் வைக்கப்படாதுன்னு உத்தரவு. நானும் நிறுத்தினேன், முனகிக்கிட்டேதான் நிறுத்தினேன். அவங்க வீட்டுச் சமையல்லேருந்தும் தேங்காயெண்ணெய் போச்சு. எண்ணெய் விடாத அவியலை அவங்க வீட்டுக்காரர் சேஷன் சார் தின்னார். பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டயர் ஆனவர், பாவப்பட்ட மனுஷர், ஒரு வார்த்தை சொல்லல்ல. கூம்பு அசையல்ல. அப்பத்தான் அந்தச் சனிக்கிழமை தம்பானூர்ல ஒரு பார்லருக்குப் போய், ஒட்ட வெட்டிக்கிட்டாங்க.

"கிறுக்கில்லடீ, சந்தேகம்"ன்னாங்க என்கிட்ட. "எண்ணெயை நிறுத்தி என்ன பிரயோஜனம்? ஐம்பது வருஷம் எண்ணெய் ஊறின முடி. லேபுல போடுற தொப்பிக்குள்ளேருந்து அது ஆவியா வர்றதோ என்னமோ. சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் நான்தானே?"

"ரெண்டு மாசம் சீயக்காய் போட்டுக் கழுவிப் பார்க்கிறதுதானே?"

"ரெண்டு மாசத்துக்கு எங்கே போறது? ரிப்போர்ட் அனுப்ப ரெண்டு வாரம்தான் இருக்கு. முடி வளரும், ரத்னா."

அந்தத் தெருவுல ஒரு காலத்துல புருஷன் செத்தவளுக்குத்தான் முடி போகும். இன்னைக்கு யாரும் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, ஆனா பார்க்கிற பார்வையில சொல்லிடுவாங்க. கோயிலுக்குப் போற வழியில நாலு பேர் நின்னு பார்த்தாங்களாம். சேஷன் சார் கதவைத் தொறந்து இவங்களை மேலும் கீழும் பார்த்தாராம். பொறவு சொன்னாராம்: "நாகு, நான் இன்னும் இருக்கேனாக்கும். தெருவுல யாராவது கேட்டா அதை மட்டும் சொல்லிடு." மேடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல்ல.

அன்னைக்கே பொடியை ஓட்டினோம். கூம்பு நின்னுது, முன்னைவிட உசரமாவே நின்னுது. முடி போனதுதான் மிச்சம்.

அந்த வாரம்தான் எனக்கு நெஜமாவே பயம் வந்தது. ஏன்னா மேடம் நம்ப ஆரம்பிச்சுட்டாங்க. வாய்விட்டுச் சொல்லல்ல. ஒரு சாயங்காலம் கைப்பையை எடுக்கத் திரும்பி வந்தேன். அவங்க தனியா உக்கார்ந்து, திரையில அந்தக் கூம்போட உச்சியில விரலை வச்சுக்கிட்டு இருந்தாங்க. கொழந்தை கன்னத்தைத் தொடுற மாதிரி. நான் சத்தமில்லாம வெளியே வந்துட்டேன். டைரக்டர் தினமும் எட்டிப் பார்த்து எப்பம் அனுப்புறீங்கன்னு கேட்டார். செல்வகணேஷ் ரிப்போர்ட்டை எழுதியே வச்சுட்டான்: உயிரோட அடையாளம் காணப்பட்டது.

அனுப்ப வேண்டிய நாளுக்குக் கொஞ்சம் முந்தி, ஓணக் கூட்டம் ரோட்டுல இறங்கிடுச்சு. அன்னைக்கு ஆற்றிங்கல்ல ஒரு உறவுக்காரங்க வீட்டுலேருந்து வந்துக்கிட்டிருந்தேன். கழக்கூட்டம் ஜங்ஷனுக்கு ரொம்ப முந்தியே பஸ் நின்னுது நின்னபடி. துணிக்கடைப் பையும் பூக்கூடையுமா ஊரே ரோட்டுல. நடந்து லேபுக்கு வந்து சேர்றப்பம் மத்தியானம் ஆச்சு. எரிச்சலோட மெஷினை எழுப்பி, வழக்கம்போல வெறுங்குப்பியை ஓட்டினேன்.

பன்னெண்டாம் இடத்துல கூம்பு.

சவம், யாரோ குப்பியை அழுக்காக்கிட்டாங்கன்னு எனக்குத் தலைக்கு ஏறிச்சு. செல்வகணேஷைப் பிடிச்சு நாலு வாங்கு வாங்கினேன். அவன் சத்தியம் பண்ணினான் தொடல்லன்னு. செரி, வெறுங்குப்பி கெட்டா என்ன செய்வோம், கொட்டிட்டு நாளைக்குக் காலையில புதுசா ஓட்டுவோம். எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. நான் குப்பியை எடுத்துக்கிட்டு வாஷ்பேசினுக்கு நடந்தேன்.

"கொட்டாதே, ரத்னா."

மேடம் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. முகத்துல ரத்தமே இல்ல.

"வெறுங்குப்பியை எந்த நாளும் எப்போ ஓட்டுவே?"

"காலையில. வந்ததும்."

"பொடியை?"

"அது முடிஞ்சு… மத்தியானம் ஆயிடும்."

அப்பம் கூம்பு பொடியோடது இல்ல, மத்தியானத்தோடது. செல்வகணேஷுக்கும் புரிஞ்சுட்டுது. மேடம் என் கையிலேருந்து குப்பியை வாங்கி மேஜையில வச்சாங்க. "நாளைக்குப் பொடி காலையில, வெறுங்குப்பி மத்தியானம்"னு சொல்லிட்டுப் போனாங்க.

மறுநாள் காலையில பொடியை ஓட்டினோம். சமதரை. முப்பது வருஷம் தேடின கால் தடம் ஒண்ணுகூட இல்ல. மத்தியானம் வெறுங்குப்பியை ஓட்டினோம். ஒண்ணுமே போடாத அந்தக் குப்பியில உயிர் ரெண்டு ரெண்டு படியா ஏறி நின்னுது.

மேடம் எழுந்து வெளியே போனாங்க. திரும்பி வர்றப்பம் முகம் கழுவியிருந்தாங்க, ஆனா கண்ணு செவந்திருந்தது. அழுதிருக்காங்க. அழுதா என்ன, முடியைக் குடுத்து வாங்கின நம்பிக்கை அது. நான் ஆறுதலா ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவங்க பேனாவை எடுத்துக்கிட்டாங்க.

"செரி. மத்தியானத்துல இங்கே என்ன நடக்கறது? அதைச் சொல்லுங்கோ ரெண்டு பேரும்"ன்னாங்க.

அந்த நிமிஷம் எனக்கு அவங்க மேல வந்த மரியாதையை எப்படிச் சொல்லுறதுன்னு தெரியல்ல. நானா இருந்தா அன்னைக்கு லீவு போட்டுட்டுப் போய் ரெண்டு நாள் படுத்துக் கிடந்திருப்பேன்.

மாடிக்குப் போனோம். மெஷின் இருக்கிற கிளீன் ரூமுக்குள்ள போற காத்தை உறிஞ்சுற பெரிய ஃபேன் அங்கேதான் இருக்கு. ஃபேன் வாயில மூக்கை வச்சோம். வைக்கவே வேண்டாம். நேந்திரங்காய் வறுபடுற வாசனை. கீழே குனிஞ்சா, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சுடலைக்கண்ணுங்கிறவனோட உப்பேரிக் கடை, நேந்திரங்காய் சிப்ஸ் கடை, பெரிய இரும்புச் சட்டி, தேங்காயெண்ணெய் கொதிக்குது. ஓணம் கிட்ட வர வர அடுப்பு கூடுது, அதனாலதான் கூம்பும் உசந்துக்கிட்டே போயிருக்கு. பத்து மணிக்கு மேலதான் பத்த வைப்பான், அதனால காலையில சுத்தம். எங்க ஃபில்டர் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. லேசான சங்கிலிதான் அவ்வளவு தூரம் பறந்து வரும், கனத்தது சட்டிக்குப் பக்கத்துலயே விழுந்துடும். பாட்டில் எண்ணெயோட விகிதம் ஒத்துப்போகாத மர்மம் அதுதான்.

"இத்தனை நாளா இதைத் தின்னுக்கிட்டேதான் வந்திருக்கேன்"னேன். எனக்கு என்மேலயே ஆத்திரம்.

"வாசனை பிடிச்சா போறாது. நிரூபிக்கணும்"ன்னாங்க மேடம்.

கடைக்குப் போனோம். சுடலைக்கண்ணு வள்ளியூர்ப் பக்கத்துலேருந்து வந்தவன், நாப்பது வயசிருக்கும், பேச்சுல அரைவாசி மலையாளம். புகையைப் பத்திப் புகார் சொல்ல வந்திருக்கோம்னு நினைச்சு முறைச்சான். "ஓணம் சீசன்ல வந்து வழக்குப் பேசாதிங்க மேடம், லைசென்ஸ் உண்டு கேட்டியளா"ன்னான்.

"வழக்கில்லப்பா. ஒரு மணி நேரம் கடலையெண்ணெய்ல வறுக்கணும். அதை நானே வாங்கிக்கறேன்."

சுடலைக்கண்ணு ஜல்லிக்கரண்டியைக் கீழ வச்சுட்டான். "கடலையெண்ணெயில உப்பேரியா? இந்த ஊர்ல அப்படி வறுத்தேன்னு தெரிஞ்சா எங்கடை முன்னால நாய்கூட நிக்காது. வேற எங்கயாவது போய்ச் சொல்லுங்க."

மேடம் கோவப்படல்ல. அந்தச் சட்டிப் பக்கத்துல, அந்த வேக்காட்டுல நின்னு, சிறுகோள், துகள், ரெண்டு ரெண்டு படி எல்லாத்தையும் அவனுக்குச் சொன்னாங்க. கமிட்டிக்குச் சொல்லுற மாதிரியே, ஒண்ணையும் கொறைக்காம சொன்னாங்க. அவன் வறுத்ததை அள்ளி வடிய வச்சுக்கிட்டே கேட்டான்.

"அப்பம், அத்தனை கதவும் பூட்டிக் கிடக்க, ஒங்க மெஷின் எஞ்சட்டியை மோந்துட்டுதா?"

"ஆமா."

"வேற கடைச் சட்டியை மோக்கலியே?"

"ஒங்க சட்டியைத்தான்."

அவன் முகம் மலர்ந்துது. "என்னைக்கு வறுக்கணும்னு சொல்லுங்க"ன்னான்.

அவன் கடலையெண்ணெயில வறுத்த அன்னைக்குப் பன்னெண்டு படுத்துடுச்சு. பதினாறும் பதினெட்டும் லேசாத் தலை தூக்கிச்சு. மறுபடி தேங்காயெண்ணெய் ஊத்தினான், பன்னெண்டு எழுந்துது. செல்வகணேஷ் முதல் தடவையாச் சிரிச்சான். அந்தக் கடலையெண்ணெய் உப்பேரியை லேபே உக்கார்ந்து தின்னு தீர்த்தோம். நல்லாவே இல்ல.

பொறவுதான் சண்டை. செல்வகணேஷ் சொன்னான், "பொடியில ஒண்ணுமில்லன்னு மட்டும் எழுதுவோம் மேடம். அது உண்மைதானே? உப்பேரிக் கடையை எதுக்கு இழுக்கணும்? காத்தே சுத்தமில்லாத லேபுக்கு எவன் துகள் குடுப்பான்?" நானும் அவன் பக்கம்தான். டைரக்டரும் அதையேதான் சொன்னார். மூணு பேரும் அவங்களைச் சுத்தி நின்னோம்.

மேடம் எங்களைப் பார்க்கல்ல, அந்தக் கிராப்புத் தலையைத் தடவிக்கிட்டாங்க. "நாளைக்கு நெஜமாவே ஒரு கால் தடம் கெடைச்சு, நாம இருக்குன்னு சொல்றோம்னு வச்சுக்கோ. ஒலகம் எதுக்கு நம்மளை நம்பணும்? இன்னிக்கு நம்ம அழுக்கை நாமளே சொன்னோமே, அதுக்காகத்தான் நம்பும். வேற ஒண்ணும் கெடையாது நம்மகிட்ட."

எல்லாத்தையும் எழுதினாங்க. காலைக் குப்பி, மத்தியானக் குப்பி, ரெண்டு எண்ணெய், தன்னோட முடி, சுடலைக்கண்ணுவோட சட்டிப் படம் வரைக்கும். அனுப்பிட்டு, "போச்சு"ன்னு ஒரு வார்த்தை சொன்னாங்க. துகள் இனி வராதுன்னு அவங்களுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அனுப்பினாங்க.

மாசக்கணக்கா ஒரு பதிலும் இல்ல. சபரிமலை சீசன் வந்து போச்சு, ஆற்றுக்கால் பொங்காலையும் போச்சு. அதுக்குப் பொறவு ஒரு நாள் செல்வகணேஷ் கம்ப்யூட்டர் முன்னால உக்கார்ந்து, மேடத்தைக் கூப்பிடத் தெரியாம என்னைக் கூப்பிட்டான். கமிட்டியோட பதில் வந்திருந்தது.

அந்தப் பொடியில ஒண்ணுமே கிடையாதாம். சூளையில போட்டுச் சுட்டெடுத்த வெறும் பாறைப்பொடியாம், எல்லா லேபுக்கும் அதேதான் போயிருக்கு. சில லேபு அதுல உயிரோட அடையாளம் கண்டு பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. சில லேபு ஒண்ணுமில்லன்னு ஒத்தை வரியில எழுதியிருக்காங்க. தன் வீட்டு அழுக்கு எந்தத் தெருவுல, எந்தச் சட்டியிலேருந்து வருதுன்னு எழுதினது நாங்க மட்டும்தானாம். மாடி ஃபேன்ல கரி ஃபில்டர் போடுங்க, துகள் அனுப்புறோம்னு எழுதியிருந்தாங்க.

மேடம் அதை ரெண்டு தடவை படிச்சாங்க. பொறவு என் தோள்ல தலையை வச்சுக்கிட்டாங்க. வளர்ந்தும் வளராத முடி என் கன்னத்துல குத்திச்சு.

சுடலைக்கண்ணு ஒரு பெரிய போர்டு வச்சான். ஆகாச ஆராய்ச்சியில நிரூபணமான அசல் வெளிச்செண்ணெய் உப்பேரின்னு மலையாளத்துல, வெளிச்செண்ணெய்னா தேங்காயெண்ணெய். மேடம் அதைப் பார்த்து, தப்பில்லைன்னுட்டாங்க.

மாடி ஃபேனுக்குக் கரி ஃபில்டர் போட்டோம், துகள் அடுத்த ஓணத்துக்கு முந்தி வந்தது. குப்பிக்குள்ள கண்ணுக்குத் தெரியுமா தெரியாதான்னு ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு வருஷமா மேடம் தலையில ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் வைக்கல்ல, வாயிலயும் வைக்கல்ல. முடி கழுத்து வரைக்கும் வந்து, காஞ்ச நார் மாதிரி பறந்துக்கிட்டிருந்தது. துகளைத் திறக்கிற அன்னைக்கு அடுப்பை நிறுத்திடவான்னு சுடலைக்கண்ணு அவனா வந்து கேட்டான்.

"நிறுத்தாதே. என்னிக்கும் எரிக்கறதைவிட நன்னா எரி"ன்னாங்க மேடம். "நீ எரிக்கறச்சே சுத்தமா இருந்தாத்தான் சுத்தம்."

அவன் எரிச்சான். ரெண்டு சட்டி வச்சு எரிச்சான். காலையில ஒரு வெறுங்குப்பி, மத்தியானம் ஒரு வெறுங்குப்பி, ரெண்டும் சமதரை. அதுக்குப் பொறவு துகளோட சொட்டை உள்ளே விட்டேன். மூணு பேரும் திரையைப் பார்த்துக்கிட்டு நின்னோம். எட்டு வந்து போச்சு. பத்து போச்சு. பன்னெண்டாம் இடம் வந்துது.

கோடு அசையல்ல.

பதினாலு, பதினாறு, கடைசி வரைக்கும் அப்படியே போய் முடிஞ்சுது. ஒண்ணுமில்ல. அந்தத் துகள்ல உயிரோட கால் தடம் ஒண்ணும் இல்ல.

முப்பது வருஷத்துக்கும் முடிக்கும் இதுவா கூலின்னு திரும்பிப் பார்த்தேன். மேடத்தோட முகம் எப்படி இருந்துதுன்னு சொல்லணுமே. பிள்ளை பரீட்சையில தேறின தாய் முகம் அது.

"ரத்னா, இது நெஜமான ஒண்ணுமில்லை"ன்னாங்க. "யார் எங்கே ஓட்டினாலும் இதேதான் வரும். முப்பது வருஷத்துல நான் சந்தேகப்படாத முதல் கோடு இது." தொப்பியைக் கழட்டினாங்க, கையுறையைக் கழட்டினாங்க. "இன்னிக்கு இனிமே நான் உள்ளே வரலை. வா."

நேரே ரோட்டைத் தாண்டி, கடை முன்னால போய் நின்னாங்க. "சூடா ஒரு பொதி"ன்னாங்க. சுடலைக்கண்ணு சட்டியிலேருந்து அள்ளி, காயிதத்துல போட்டு நீட்டினான். ஒரு வருஷத்துக்குப் பொறவு மேடம் தேங்காயெண்ணெய்ப் பண்டத்தை வாயில போட்டாங்க. கண்ணை மூடிக்கிட்டு மென்னாங்க.

அவன் காத்துக்கிட்டு நின்னான். "அங்க ஏதாவது இருந்துதா மேடம்?"

"இல்லப்பா. ஒண்ணுமே இல்ல. அங்கே யாரும் எப்பவும் எதையும் வறுக்கலை."

சுடலைக்கண்ணு கரண்டியைப் பிடிச்சபடி மேல பார்த்தான். மழை மேகம்தான் இருந்தது.

"பாவம்"னான்.

மேடம் மெல்றதை நிறுத்தினாங்க. அவன் சொன்னது கேலி இல்ல. யாருமில்லாத ஒரு வீட்டைப் பத்திச் சொல்லுற மாதிரிதான் சொன்னான். அவங்க கண்ணு நிறைஞ்சு வழிஞ்சுது. ஆமாம்னு தலையை ஆட்டினாங்க, சிரிச்சாங்க. பொறவு எண்ணெய் வழிஞ்ச அந்த ரெண்டு கையையும் காஞ்ச தலையில வச்சு, ரோட்டுல நின்னபடியே, வேர் வரைக்கும் தேச்சுக்கிட்டாங்க.